பள்ளத்தாக்குக்கு ஒரு சனிக்கிழமை

கணவாய் மீனின் தலையைப் பிடித்து இழுத்த இழுவையில் மைப்பை உடைந்து சற்குணராசாவின் கை கறுத்துப்போனது. அவர் குழாயைத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்துவைத்துக்கொண்டு, அவருடைய ஒரே மகள் ஆரபி வாசித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை யாரா பள்ளத்தாக்கில் எந்தெந்தத் திராட்சைத் தோட்டங்களைப் பார்ப்பது, எதில் மத்தியானச் சாப்பாடு, எதில் கலியாண வரவேற்பு வைத்தால் படங்கள் வடிவாக வரும் என்று ஒவ்வொன்றாக. தண்ணீரைத் திறந்தால் ஒரு சொல் தவறிவிடும். திறக்காவிட்டால் எல்லாச் சொல்லும் கேட்கும். இரண்டும் அவருக்கு வேண்டாம். கறுத்த கையோடு அப்படியே நின்றார்.

"மொத்தம் அஞ்சு இடம் அப்பா. எல்லாம் இஞ்சயிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள. காலமை ஒன்பதுக்கு வெளிக்கிட்டா பின்னேரத்துக்குள்ள அஞ்சையும் பாத்திடலாம்."

"ம்."

"நிரோஷன்ர அப்பா தங்கட பெரிய காரைக் கொண்டுவாறாராம். நீங்கள் ஓடத் தேவையில்லை. கிழமை முழுக்க பஸ் ஓடுறீங்கள், ஒருநாளாவது பின்னால இருந்து வாங்கோ எண்டு சொன்னவர்."

சொல்லியிருப்பான். சம்பந்தியாகப் போகிற டொக்டர் செல்வநாதன் சொல்லாமல் என்ன செய்வான். பின்னால் இருந்து வாங்கோ. பத்தொன்பது வருடம் இந்த மெல்பேர்ண் நகரத்துச் சனங்களையெல்லாம் பின்னால் இருத்திக் கொண்டுபோன மனிசனுக்கு இவன் பின்சீற்றைத் தானம் பண்ணுகிறான். போன மாதம் பெண் பார்க்கவென்று இல்லை, சும்மா கதைக்கவென்று சொல்லிக்கொண்டு வந்தவன், ஒரு போத்தலையும் கொண்டுவந்து, இந்த மேசையில் வைத்து, கிளாஸைச் சுழற்றிச் சுழற்றி மூக்கை அதற்குள் விட்டு, "இதில மண்ணின்ர மணம் வரும், பாருங்கோ சற்குணம்" என்றானே. எந்த மண். அந்த மண்ணை நீ எப்போதாவது முழங்காலால் தொட்டிருக்கிறாயா. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த மண் என்ன மணம் மணக்கும் என்று தெரியுமா உனக்கு. கந்தகத் தூளும், அழுகின பழமும், வேலையாட்களின் வேர்வையும், தூரத்தில் கக்கூசுக்குப் பதிலாக வைத்திருந்த பிளாஸ்ரிக் பெட்டியும் மணக்கும். கொடிகளுக்கு மேல் போட்டிருக்கும் வலைக்குள் தலையை விட்டு வெட்டும்போது குளவி காதுக்குள் வந்து இரையும். பழத்துச் சாறு கையில் காய்ந்து விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கத்திரி சறுக்கும், சறுக்கினால் இடதுகைச் சுட்டுவிரல்தான், எல்லாருக்கும் அதே விரல், பிளாஸ்ரரைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் வெட்டுவார்கள். அவர் கறுத்த கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்பு மைக்குள் மறைந்திருந்தது. பேருந்து நிறுவனத்துக்கு வேலைக்குப் போன நாள் மருத்துவப் பரிசோதனையில் இது என்ன காயம் என்று கேட்டதற்கு, சமையல் என்று சொன்னார். மனைவி இந்திராணிக்கும் அதுதான். சமையல். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதைப் பராமரிக்க வேண்டியதேயில்லை, அது தன்பாட்டில் வளர்ந்து வீட்டில் ஒரு ஆளாகிவிடும்.

"ரெண்டாவது இடத்தில நாங்களே பழம் பிடுங்கிப் பாக்கலாமாம். அப்பா, கேக்குதே? கூடை தருவினமாம். தொப்பியும்."

அவர் கணவாயின் உடம்புக்குள் விரலை விட்டு அந்தக் கண்ணாடி முள்ளை உருவினார். கூடை தருவார்களாம். தொப்பி தருவார்களாம். இவளுக்கு ஏன் இந்த ஆசை வந்தது. டண்டினோங்கில் நல்ல மண்டபம் இல்லையா, கோவில் மண்டபம் இல்லையா, இந்த நகரத்தைச் சுற்றிக் கடல் இல்லையா. எத்தனையோ சனி, ஞாயிறு, அப்பா அந்தப் பக்கம் போவம், எல்லாரும் போகினம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டு வந்து சொல்லுகினம் என்று இவள் கேட்டபோதெல்லாம் அவர் காருக்கு எண்ணெய் மாற்றவேண்டும், தலையிடி, மழை வரப்போகிறது என்று சொல்லித் தெற்கே கடற்கரைக்குத் திருப்பினார். இருபத்திரண்டு வருடமாகத் திருப்பினார். பள்ளத்தாக்குக்குப் போகிற வழியில் இருக்கிற லில்லிடேல் பக்கம் போகும் தடத்தில் பஸ் ஓட ஆள் போதாது, வாறியா, என்று மேலாளர் கேட்டதற்கு, முதுகு உளைவு, நீளப் பாதை ஓடேலாது என்று கடிதம் கொடுத்தார். இவ்வளவும் செய்தும் கடைசியில் அந்தப் பள்ளத்தாக்கு நேராக வீட்டுக்குள்ளே வந்து மேசையில் இருக்கிறது. அதன் குரல் மகளின் குரலாக இருக்கிறது. அவளைப் பார்க்கவே அந்த நேரம் அவருக்கு எரிச்சலாக இருந்தது. பெற்ற பிள்ளையை, கலியாணத்துக்கு நாலு மாதம் இருக்கிற பிள்ளையை, பின்னந்தலையில் பென்சிலைச் செருகிக் கொண்டையைக் கட்டிக்கொண்டு சந்தோசமாக இருக்கிற பிள்ளையை, ஒரு நிமிடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அது அவரைத் திடுக்கிட வைத்தது. திடுக்கிட்டதற்காக இன்னும் கோபம் வந்தது.

"காலமை குருவி கலைக்கிற வெடி சத்தம் கேக்கும், பயப்பிடவேண்டாம் எண்டு போட்டிருக்கினம். அது என்னண்டு தெரியுமோ?"

தெரியாது என்று தலையாட்டினார். தெரியாமலென்ன. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் காஸ் துவக்கு ஒன்று தானாக வெடிக்கும், குருவிகள் கொடியில் இறங்காமலிருக்க. வேலைக்குப் போன முதல்நாள் விடியப்புறம், ஆட்களை ஏற்றிவந்த வானிலிருந்து இறங்கிக் கத்திரியைக் கையில் வாங்கின கையோடு அது வெடித்தது. வெடித்த அந்தக் கணம் கூட வந்த குகதாசன் நிலத்தில் குப்புற விழுந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு கிடந்தான். அவரும் பாதி குனிந்துவிட்டார். மற்றவர்கள், வியட்நாம்காரர், கம்போடியாக்காரர், அவர்களில் வயது போன இரண்டுபேரும் குனிந்துதான் நின்றார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து எல்லாருமாகச் சிரித்தார்கள். குகன் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு, "அண்ணை, இஞ்சயும் செல்லடி தொடங்கிட்டாங்கள்" என்றான். அந்தச் சிரிப்பை அவர் இருபத்தாறு வருடம் மறந்திருந்தார். இல்லை, மறக்கவில்லை, பஸ்ஸில் கடைசிச் சீற்றில் யாராவது விட்டுவிட்டுப் போகும் பையைப்போல அது இருந்தது, இருக்கிறது என்று தெரியும், போய்த் திறந்து பார்க்கவில்லை. குகனுக்கு அப்போது முப்பத்திநாலு வயது. புங்குடுதீவு. டண்டினோங்கில் ஒரே அறையில் இரண்டு மெத்தை. இரண்டுபேருக்குமே அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலம், வேலை செய்ய அனுமதி இல்லை, பிடித்தால் விண்ணப்பம் போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். விடிய நாலரைக்கு வான் வரும். இந்திராணியும் இரண்டு வயது ஆரபியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், பொலிஸ் பதிவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். அவர் ஒரு கொத்து வெட்டும்போது ஆரபி என்று சொல்லுவார், அடுத்த கொத்துக்கு இந்திராணி என்று சொல்லுவார். அப்படித்தான் நிரைகள் முடிந்தன. யாருக்கும் தெரியாத விசயம். இவளுக்குத் தெரிந்தால் கண்கலங்குவாள், அதையும் அவர் வெறுத்தார். கண்கலங்குவதற்கு அது கதை இல்லை. அந்தக் கதையின் மற்றப் பாதி வேறு.

"மூண்டாவது இடம்தான் எனக்கு விருப்பம்," ஆரபி சொன்னாள். "பழைய கொட்டில் ஒண்டைத் திருத்தி மண்டபமாக்கியிருக்கினம். இஞ்ச வந்து பாருங்கோவன் அப்பா. கையைக் கழுவிட்டு வாங்கோ."

"மணக்குது. நீ சொல்லு, கேக்கிறன்."

"அப்ப நான் கொண்டு வாறன்."

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில், வெட்டின கணவாய் வளையங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். தகரக் கொட்டில். கூரையை மாற்றிவிட்டார்கள், பக்கச் சுவரில் பாதிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், உள்ளே உத்தரத்திலிருந்து சின்னச் சின்ன விளக்குகள் மழைபோலத் தொங்குகின்றன, வெள்ளைத் துணி விரித்த நீள மேசைகள், கிளாஸ்கள். பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனால் பின்னால் தெரிகிற மலையை மாற்ற முடியவில்லை, நடுவில் ஒரு கடி கடித்ததுபோல இருக்கிற அந்த மலை. கொட்டில் வாசலில் மூன்று பொப்லர் மரம் நின்றது, இப்போது இரண்டு. உள்ளே வலப்பக்க மூலையில்தான் பழப்பெட்டிகள் அடுக்கியிருந்தன, அதற்கு முன்னால் சீமெந்துத் தரை குளிர்ச்சியாக இருக்கும், அங்கேதான் கிடத்தினார்கள். இந்தப் படத்தில் அந்த இடத்தில் கேக் வைக்கிற மேசை.  ஐந்து இடத்தில், பள்ளத்தாக்கு முழுக்க நூறு இடத்தில், இவள் இதைத்தான் பொறுக்கியெடுத்தாள். கோபப்படவும் முடியவில்லை. யாரில் கோபப்படுவது. மூன்றாவது மரத்தை வெட்டினவனிலா.

"வடிவா இருக்கெல்லே? இருநூறு பேர் இருக்கலாம். சனத்தை ஏத்திக்கொண்டு போக ரெண்டு பெரிய பஸ் பிடிச்சா, பெரிய றோட்டால வந்து இதில இடப்பக்கம் திரும்பி, நேர வாசலுக்கு—"

"அதில பஸ் திரும்பாது," என்றார் சற்குணராசா. "அந்த மூலையில வாய்க்கால் கிடக்கு. பின்சில்லு இறங்கிடும். பாலத்துக்கு அங்கால போய்ப் பின்பக்கத்தாலதான் வரவேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரலைக் கேட்டார். சாரதியின் வாய். பத்தொன்பது வருடம் வளைவுகளைப் பார்த்துப் பழகின வாய், அவரைக் கேளாமல் திறந்துவிட்டது. ஆரபி திரையைப் பார்த்தாள். பாதைப் படத்தில் வாய்க்கால் இல்லை. பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னண்டு தெரியும்?"

பஸ் ஓடுகிறவனுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சக சாரதி ஒருவன் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். பொய்கள் எல்லாம் வரிசையாக வந்து கதவைத் திறக்கச்சொல்லி நின்றன, ஒன்றுக்கும் கதவைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை.

"நான் அங்க வேலை செய்தனான். வந்த புதிசில. பழம் வெட்டினனான்."

"உண்மையாவோ? இந்த இடத்திலயோ? அப்பா!" அவளுடைய முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து அவருக்கு ஆத்திரம் வந்தது. "ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை? அப்ப இதுதான் இடம், வேற இடமே பாக்கத் தேவையில்லை. நீங்கள் வேலை செய்த தோட்டத்தில என்ர கலியாணம். நிரோஷன் பேசேக்க அதைச் சொல்லட்டும், எல்லாரும் அழுவினம்—"

"ஒருத்தரும் அழத் தேவையில்லை!"

அவர் கத்தினார். இந்த வீட்டில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை. கணவாய் வெட்டின கத்தி கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது. பார், இவர்களுக்கு எல்லாம் பேச்சாகிவிடும், கைதட்டலாகிவிடும், செல்வநாதன் கிளாஸைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு எங்கட சற்குணத்தின்ர உழைப்பு என்பான், வேர்வை என்பான், மண் என்பான், முன்வரிசையில் இருக்கிற சனம் மூக்கை உறிஞ்சும், மூலையில் கேக் இருக்கும்.

"அங்க ஒருத்தனைச் சாக விட்டனான்," என்றார். "அதுதான் ஒருநாளும் சொல்லேல்லை."

ஆரபி மடிக்கணினியை மெல்ல மூடினாள். அவள் ஆறு வருடமாக அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. அந்த முகம் அவருக்குத் தெரியாத முகம், வேலையிடத்து முகம், அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வெயில் காலத்தில் வேலையால் வந்து சாப்பிடும்போது சில நாள் சொல்லுவாள், இண்டைக்கு ஒரு கிழவர், உடம்புச் சூடு நாப்பத்தொண்டரை, கக்கத்துக்க எல்லாம் ஐஸ் வைச்சு எடுத்திட்டம் என்று. அவர் உடனே எழும்பிக் கையைக் கழுவப் போய்விடுவார். இவள் தாதிப் படிப்புக்குத்தான் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து ஒரு கேள்வி அவருடைய தொண்டையில் இருந்தது, அதைக் கேட்கக் கூடிய ஒரே ஆள் தினமும் அவருக்கு முன்னால் இருந்து சோறு தின்றது.

"யார் அவர்?"

அவர் சொன்னார். நின்றபடியே, தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாசி மாதம், இந்த நாட்டுக் கோடை, நாற்பத்திரண்டு பாகை வெயில். ஒரே நிரையில் கொடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவர், இலைக்கு ஊடாகக் கையும் தொப்பியும் மட்டும் தெரியும். "அண்ணை, தலையைச் சுத்துது" என்றான். "கொஞ்சம் பொறு, இந்த நிரை முடியட்டும், பிறகு இருப்பம்" என்றார். பிறகு அவன் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தான், ஊரில் யாரோடோ கதைப்பதுபோல, வள்ளம் வந்துவிட்டதா என்று கேட்டான். அவருக்குச் சிரிப்பு வந்தது, பகிடி விடுகிறான் என்று நினைத்தார். நினைத்தாரா, நினைக்க விரும்பினாரா. மேற்பார்வைக்காரன் அடுத்த நிரையில் நின்றான். நிறுத்தினால் நாளைக்கு வானில் இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நிரை முடிந்து திரும்பிப் பார்த்தபோது அந்தப் பக்கம் தொப்பி இல்லை. தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலில் கிடத்தியபோது உடம்பு நெருப்பு, ஆனால் ஒரு துளி வேர்வை இல்லை. ஆட்களைக் கொண்டுவந்து விடுகிற வான்காரன் கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத்தான் கேட்டான். நீதான் இவனுக்கு ஆள், நீ சொல்லு, அம்புலன்சுக்கு அடிக்கவா, அடித்தால் பெயர் கேட்பார்கள், எல்லார் பெயரும் போகும், என்றான். இருபத்தாறு வருடமாக அவர் அந்த வான்காரனைத் திட்டிக்கொண்டு இருக்கிறார், தோட்டக்காரனை, மேற்பார்வைக்காரனை, குடிவரவுச் சட்டத்தை, இந்த நாட்டை, போத்தல் கொண்டுவருகிறவர்களை. ஆனால் கேட்டது அவரை. தலையாட்டியது அவர்.

"வேண்டாம் எண்டு ஆட்டினனான். தண்ணி ஊத்தினம். பிறகு வானில ஏத்தினம். இருபது நிமிசத்தில ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அதில நிப்பாட்டினா எந்தத் தோட்டம் எண்டு கேப்பினம் எண்டு தாண்டி வந்தம். நான்தான் தாண்டச் சொன்னனான். ஒரு மணித்தியாலம். தலை என்ர மடியில. இஞ்ச கொண்டுவந்து, வீட்டு முத்தத்தில விழுந்தவர் எண்டு சொல்லி ஆஸ்பத்திரியில குடுத்தன். அவன்ர தாய்க்கு, நெஞ்சுவலி எண்டு சொன்னன். எட்டு மாதத்தில எனக்கு விசா வந்தது. நீங்கள் வந்தீங்கள்."

அவள் கேட்டாள், "வள்ளம் வந்திட்டுதோ எண்டு கேட்டதுக்கும் நீங்கள் போய்ப் பாத்ததுக்கும் இடையில எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம் இருக்கும்."

"வேர்வை இல்லையெண்டது நிச்சயமோ?"

"நிச்சயம்."

அவர் இப்போது திரும்பினார். கறுப்புக் கையை மேல்சட்டையில் துடைத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அவளைப் பார்த்தார், இனி இவள் என்ன சொல்லுவாள் என்று அவருக்குத் தெரியும், அதற்காக அவளை வெறுக்கவும் ஆயத்தமாக இருந்தார். அது விதி அப்பா என்பாள். அந்த நேரம் நீங்கள் வேற என்ன செய்திருக்கேலும் என்பாள். எங்களுக்காகத்தானே என்பாள். எங்களுக்காகத்தானே என்று மட்டும் சொன்னால் அவர் இந்த வீட்டைவிட்டு இறங்கி நடந்துவிடுவார், திரும்பி வரமாட்டார்.

"அந்த நேரமே அடிச்சிருந்தா?" என்று கேட்டார். "கொட்டில்ல கிடத்தேக்கையே அடிச்சிருந்தா, அவன் தப்பியிருப்பானோ?"

ஆரபி யோசித்தாள். அவர் சொன்ன ஒவ்வொன்றையும், வெயிலை, அரை மணித்தியாலத்தை, வயதை, இருபது நிமிடத்தை, ஒரு நோயாளியின் படிவத்தைப் பார்ப்பதுபோல யோசித்தாள்.

"முப்பத்திநாலு வயசு. கடும் வேலை செய்யிற உடம்பு. பக்கத்தில ஆஸ்பத்திரி," என்றாள். "ஓம் அப்பா. பெரும்பாலும் தப்பியிருப்பார்."

அவர் காத்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு ஆனால் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவளுடைய கண் சிவந்திருந்தது, ஆனால் அவள் வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவருக்கு ஒரு ஆள் உண்மை சொல்லியிருந்தது.  குசினிக்குள் கிடந்த சின்ன ஸ்ரூலை அவள் காலால் தள்ளிவிட்டாள், அவர் அதில் இருந்தார். அவள் அவரைத் தொடவில்லை. அதுவும் நல்லதாக இருந்தது. வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல் வெட்டுகிற இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் அது இரைந்திருக்கவேண்டும்.

"அவரின்ர முழுப்பேர் என்ன?"

"குகதாசன்." நாக்கு அந்தப் பெயரில் தடக்கியது. "வேலாயுதம் குகதாசன்."

"தாய் இருக்கிறாவோ?"

"தெரியாது. நான் விசாரிக்கேல்லை. ஒரு தங்கச்சி இருந்தவ. கனடா எண்டு கேள்வி."

"விசாரிக்கவேணும்," என்றாள். அது கேள்வியாகவும் இல்லை, ஆறுதலாகவும் இல்லை. அவள் குரலில் கோபம் இருந்தது. அது அப்பாமேல் கோபம் என்று அவருக்கு விளங்கியது. இவ்வளவு நேரமும் இந்த அறையில் இருந்தது அவருடைய கோபம் மட்டும்தான். இப்போது அவளுடையதும் வந்து இருக்கிறது, அது நேரான கோபம், யாரில் என்று தெரிந்த கோபம். அவர் அதற்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வாசற்கதவு திறந்தது. இந்திராணி இரண்டு கையிலும் பைகளோடு, செருப்பைக் கழற்றாமலே குசினிவரைக்கும் வந்துவிட்டாள்.

"என்ன முடிவெடுத்தனீங்கள்?" என்றாள். "நிரோஷன்ர அம்மா ரெண்டுதரம் போன் எடுத்திட்டா. சனிக்கிழமைக்குச் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்கவேணுமாம், எத்தனைபேர் எண்டு சொல்லட்டாம். இதென்ன, சட்டையெல்லாம் கறுப்பு? என்னப்பா நடந்தது?"

ஆரபி அவரைப் பார்த்தாள்.  சற்குணராசா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார், மேசைக்குப் போய் ஒரு கதிரையை இழுத்தார்.

"பையை வை," என்றார் மனைவியிடம். "வந்து இதில இரு."